பூசணிப்பூவும் முருங்கைப்பூவும் போட்ட பாஸ்தா: திருகோணமலைக் குசினியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சாம்பல்தீவில் என் பெரியம்மாவின் வளவில், வேலியோரமாக ஒரு பூசணிக் கொடி ஓடுகிறது. விடிந்தும் விடியாததுமாகப் போனால் பூக்கள் அப்போதுதான் விரிந்து நிற்கும். உள்ளங்கை அகலம், நல்ல செம்மஞ்சள். ஒரு பூவை மெல்லச் சரித்து உள்ளே பார்த்தால், முதுகெல்லாம் மகரந்தம் அப்பிய ஒரு தேனீ வெளியே வர மனமில்லாமல் கிடக்கும். பத்து மணி தாண்டினால் அதே பூ சுருண்டு தொங்கிவிடும். அந்தக் காலை நேரத்துக்குள் ஆய்ந்த பூவை வைத்துச் செய்கிற பாஸ்தா இது.

பாஸ்தா எங்கள் ஊருக்குப் புதிதல்ல. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வெள்ளைக்காரருக்கென்று சமைக்கப்பட்டது மெல்ல மெல்ல வீடுகளுக்கும் வந்து, இப்போது பிறந்தநாள் விருந்திலும் ஒரு தட்டு மக்ரோனி இருக்கிறது. ஆனால் வீட்டில் செய்யும்போது தக்காளிச் சோஸ், சீஸ், கோழி, சொசேஜ் என்று எல்லாம் சேர்ந்து கனத்துவிடுகிறது. மதியம் சாப்பிட்டால் பின்னேரம்வரை நெஞ்சிலேயே நிற்கும். பூப் போட்ட பாஸ்தா என்று சொல்லி வருவதிலோ, மேலே இரண்டு இதழ் கிடக்கும். அதைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டுத்தான் எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

அப்படி ஒதுக்குவதற்குப் பூ என்ன பாவம் செய்தது? முருங்கைப்பூ வறை, அகத்திப்பூ வறை, வாழைப்பொத்தி வறை, வேப்பம்பூ வடகம் என்று பூவைச் சோற்றோடு பிசைந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று பழமொழியே இருக்கிறது. ஆகையால் இந்தப் பாஸ்தாவில் பூதான் கறி. அதற்குத் தகுந்த அளவில் போட வேண்டும், தகுந்த நேரத்தில் போட வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

இத்தாலியரும் பூவைச் சும்மா அலங்காரத்துக்கு வைப்பவர்கள் அல்ல. உரோம் நகரில் சுக்கினிப் பூவுக்குள் மொசரெல்லாச் சீசும் உப்பிட்ட நெத்தலியும் வைத்து, மாவில் தோய்த்துப் பொரித்துச் சாப்பிடுவது பழைய வழக்கம். அதே பூவை நறுக்கிப் பாஸ்தாவிலும் சேர்ப்பார்கள். சுக்கினியும் எங்கள் பூசணியும் ஒரே பேரினத்துச் செடிகள்; பூவின் வடிவமும் ருசியும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே சுக்கினிப் பூவுக்கு என்ன மரியாதையோ, அது இங்கே வேலியில் வாடி விழுகிற பூசணிப்பூவுக்கும் உரியது.

எந்தப் பூ, எவ்வளவு

இரண்டு பேருக்குச் சொல்கிறேன். பூசணிப்பூ பத்துப் பன்னிரண்டு. காம்பு நீக்கிய முருங்கைப்பூ ஒரு கோப்பை நிறைய. சங்குப்பூ, அதாவது நீலக் காக்கணம்பூ, ஐந்தாறு.

பூசணிப்பூவில் ஆண்பூவை மட்டும் ஆயுங்கள். பெண்பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். ஆண்பூ நீண்ட மெல்லிய காம்பில் தனியாக நிற்கும். நான் முதன்முதலில் கூடையோடு போனபோது பெரியம்மா திண்ணையில் இருந்தபடியே கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, அதில காய் நிக்குது, ஆயாத. காம்பு நீண்டதைப் பாத்து எடு. அதிலயும் ரெண்டு மூண்டை விடு, தேனீக்கு வேணும்." அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆண்பூவே இல்லாமல் வழித்து எடுத்துவிட்டால் பெண்பூவுக்கு மகரந்தம் சேராது, பிஞ்சு வெம்பி விழுந்துவிடும். ஒரு கொடியில் ஆண்பூ எப்போதும் கூடுதலாகவே பூக்கும் என்பதால் நமக்கும் தேனீக்கும் போதும்.

முருங்கைப்பூவை மரத்துக்கு அடியில் துணி விரித்து, கொப்பை மெல்ல உலுக்கி எடுக்கலாம். ஆனால் உலுக்கி விழுவதில் பாதி முற்றிய பூ. அது சமைத்தால் கயர்க்கும். பாளை நிற மொட்டும் அன்று விரிந்த பூவும் கலந்த கொத்தைக் கையால் ஒடித்து எடுப்பதுதான் நல்லது. விரலால் நசுக்கி மணந்து பாருங்கள். லேசான தேன் வாசமும் அதற்குப் பின்னால் முருங்கை இலையின் காரமும் வந்தால் அது சமைக்கிற பூ. வளவில் மரம் இல்லாதவர்கள், டவுண் சந்தையில் கீரை விற்கும் அம்மாமாரிடம் முதல்நாளே சொல்லிவைத்தால் கொண்டுவந்து தருவார்கள். மழை ஓய்ந்து தை, மாசி வந்தால் இன்னும் சுலபம்.

மழை பெய்த காலையில் எந்தப் பூவையும் ஆயாமல் விடுங்கள். மகரந்தம் கரைந்து, இதழ் ஊறி, தாச்சியில் போட்டதும் கூழாகிவிடும்.

தொடவே கூடாத பூக்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். என் அக்காவின் மகளுக்கு எட்டு வயது. நான் பூ ஆய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "சித்தி, அப்ப எல்லாப் பூவும் தின்னலாமே?" என்று கேட்டாள். கேட்டபோது அவள் கையில் இருந்தது மஞ்சள் அலரிப்பூ. அன்றைக்குச் சமையலை நிறுத்திவிட்டு, அவளை வளவு முழுக்கக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

அலரியில் செவ்வலரி, வெள்ளலரி, மஞ்சள் அலரி எல்லாமே நஞ்சு. பூ, இலை, விதை, பால் எதுவும் விலக்கில்லை. இதயத் துடிப்பைக் குழப்பிக் கொல்லக்கூடியது. கார்த்திகைப்பூவின் செடி முழுவதிலும் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கில் மிகக் கூடுதலாக. ஊமத்தம்பூ, எருக்கலம்பூ இரண்டும் நஞ்சுதான். பட்டிப்பூ, சிலர் நித்தியகல்யாணி என்பார்கள், பார்க்க மிக வடிவான இளஞ்சிவப்புப் பூ. அதுவும் உண்ணக் கூடாதது. ஒருமுறை கடற்கரையோரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் எனக்கு வந்த தட்டில் பாஸ்தாவின் மேல் பட்டிப்பூ இரண்டு வைத்திருந்தார்கள். உள்ளே போய்ச் சமையல் செய்யும் தம்பியிடம் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. கேட்டதும் பதறிப்போய் மற்றத் தட்டுகளிலிருந்தும் எடுத்துவிட்டார். வடிவாக இருக்கிறது என்பதற்காகத் தட்டில் வைக்கிற பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று அன்றுதான் எனக்கும் உறைத்தது. உண்ண முடியாத எதையும் உணவுத் தட்டில் வைக்காதீர்கள்.

கோயில் வாசலில் மாலைக்கென்று விற்கிற பூ, பூக்கடைப் பூ, தெருவோரப் பூ மூன்றையும் விடுங்கள். மாலைக்கு வரும் பூ தின்பதற்கென்று வளர்த்ததல்ல. அதற்கு எந்த மருந்து எப்போது அடித்தார்கள் என்று விற்பவருக்கே தெரிந்திராது. உங்கள் வளவுப் பூ, அல்லது மருந்தடிக்காத தெரிந்தவரின் வளவுப் பூ. வேறு வழியில்லை.

உண்ணத் தகுந்த பூவிலும் சில கவனங்கள் உண்டு. மகரந்தத்தால் தும்மல், இழுப்பு வருபவர்கள் முதல்முறை ஒரு இதழோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் செவ்வரத்தம்பூவைத் தவிர்ப்பது நல்லது. நாட்டு மருந்து எடுப்பவர்களுக்கு அகத்தி மருந்தை முறிக்கும் என்று பெரியவர்கள் சொல்வது தெரிந்ததே. பத்தியத்தில் இருப்பவர்களுக்கு அகத்திப்பூவை வைக்காதீர்கள்.

பூவைச் சுத்தம் செய்தல்

குழாயைத் திறந்து பூவை அடியில் பிடிக்கக் கூடாது. அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, பூவைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு மூன்று தரம் தோய்த்து எடுங்கள். எறும்பும் சிறு வண்டும் தாமாகவே வெளியே வரும். பூசணிப்பூவின் உள்ளே நடுவில் விரல் நுனி போல நிற்கும் மகரந்தத் தண்டை நகத்தால் கிள்ளி எடுத்துவிடுங்கள், அது கசக்கும். அடியில் பச்சையாக முள்ளு முள்ளாக நிற்கும் புல்லிகளையும் உரித்துவிடுங்கள். பிறகு துணியில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடம் விட்டால் போதும். ஈரப்பூ தாச்சியில் விழுந்தால் வதங்காது, அவியும்.

காய்ந்ததும் பூசணிப்பூவை நீளவாக்கில், ஒரு விரல் அகல நாடாக்களாகக் கிழியுங்கள். கத்தி வேண்டாம், கையே போதும். நான்கு பூவை மட்டும் கிழிக்காமல் வையுங்கள். அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. முருங்கைப்பூவில் நடுக்காம்பை நீக்கி, சிறு காம்போடு பூவை உதிர்த்துக்கொள்ளுங்கள். சங்குப்பூவின் பச்சைப் பகுதியைக் கிள்ளிவிட்டு நீல இதழை மட்டும் வையுங்கள்.

உடனே சமைக்க முடியாவிட்டால், ஈரத்துணி விரித்த சாப்பாட்டுப் பெட்டியில் அழுத்தாமல் அடுக்கி பிரிட்ஜில் வைக்கலாம். ஒருநாள் தாங்கும். அதற்கு மேல் வைக்க ஆசைப்படாதீர்கள்.

பாஸ்தாவைத் தெரிதல்

கடையில் பொதியைத் திருப்பிப் பின்பக்கம் வாசியுங்கள். டூரம் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும். சீனக்குடா ஆலையில் அரைபட்டு வருகிற வெள்ளை மா பாணுக்கும் ரொட்டிக்கும் அருமையானது. ஆனால் சாதாரணக் கோதுமை மாவில் செய்த மலிவான மக்ரோனி கொதிதண்ணீரில் கெதியாகக் குழைந்து, பூவோடு சேர்க்கும்போது களியாகிவிடும். டூரம் வேறு இனக் கோதுமை. மணி கல்லுப் போல இறுகியது, புரதம் கூடியது, மஞ்சள் நிறமானது. அதனால்தான் அவிந்த பிறகும் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டும். இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை டூரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே இயற்றினார்கள்.

வடிவத்தில் ஸ்பெகட்டி அல்லது அதைவிடச் சற்றுத் தட்டையான லிங்குயினி எடுங்கள். பூசணிப்பூ நாடா நீளமாக இருப்பதால் இரண்டும் முள்ளுக்கரண்டியில் ஒன்றாகச் சுருளும். பென்னே போன்ற குழாய் வடிவம் இந்தப் பூவுக்கு ஒட்டாது. அளவு ஒருவருக்கு 80 முதல் 90 கிராம், இருவருக்கு 180 கிராம். பொதி முழுவதையும் கொட்டி அவிப்பதுதான் நாம் வழக்கமாக விடும் பிழை.

தயிர்

கிரீமுக்குப் பதிலாக நான் எடுப்பது எருமைத் தயிர். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்து முட்டித் தயிர் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு பெட்டியில் அடைத்த கிரீம் வாங்குவது எனக்கு மனம் வராத காரியம். எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம் வரை வரும், பசுப்பாலில் ஏறக்குறைய 4. அதனால் எருமைத் தயிர் வடித்ததும் வெண்ணெய் போல இறுகும். நான்கு மேசைக்கரண்டி போதும் என்பதால் சாப்பாடு கனக்காது. அதன் புளிப்பு பூவின் கயர்ப்பைச் சமன்செய்துவிடும்.

முந்தினநாள் இரவோ அன்று காலையோ, கால் கிலோத் தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, ஒரு பாத்திரத்தின் மேல் அரிதட்டை வைத்து அதற்குள் இருத்துங்கள். வெளியே தொங்கவிட வேண்டாம். எங்கள் ஊர் வெக்கைக்கு இரண்டு மணி நேரத்தில் புளித்துப் போகும். பிரிட்ஜுக்குள் வைத்தே வடியுங்கள். வடிந்து கெட்டியான தயிரை ஒரு சிட்டிகை உப்போடு கரண்டியால் அடித்துக் கட்டியில்லாமல் வையுங்கள். சமைக்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னே வெளியே எடுத்துவிட வேண்டும். குளிராகப் போட்டால் திரியும்.

மற்றச் சாமான்கள்

சின்ன வெங்காயம் ஆறு, உள்ளி மூன்று பல்லு, பச்சை மிளகாய் ஒன்று, ஒலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, கஜு இரண்டு மேசைக்கரண்டி, அப்போது இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, தேசிக்காய் ஒன்று. ஒலிவ் எண்ணெய் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் எடுக்கலாம். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் பூவை மூடிவிடும். கடுகு, சீரகம் தாளிப்பதும் வேண்டாம். கறிவேப்பிலை போடலாமா என்று என் தங்கை ஒவ்வொரு முறையும் கேட்பாள். போட்டால் அது கறிவேப்பிலைப் பாஸ்தாவாகத்தான் மணக்கும்.

இனிச் சமையல்

முதலில் கஜுவை வெறுந் தாச்சியில் இளந்தீயில் பொன்னிறமாக வறுத்து, ஆறியதும் கரகரப்பாக இடித்து வையுங்கள்.

பெரிய பானையில் இரண்டு லீற்றர் தண்ணீர் கொதிக்கட்டும். பாஸ்தா 100 கிராமுக்குத் தண்ணீர் ஒரு லீற்றர், உப்பு 10 கிராம் என்பது இத்தாலியர் கணக்கு. ஆகவே மட்டமாக ஒரு மேசைக்கரண்டி உப்பு. ஆனால் கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் சமைப்பவர்கள் முதலில் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். சவர்த்தண்ணியாக இருந்தால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். எப்படியானாலும் உப்பு இந்தக் கட்டத்தில்தான் போக வேண்டும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பாஸ்தாவுக்கும் பொருந்தும். அவிந்த பிறகு மேலே எவ்வளவு தூவினாலும் உள்ளுக்குள் சப்பென்றே இருக்கும். தண்ணீரில் எண்ணெய் விடாதீர்கள். பாஸ்தா எண்ணெய் பூசிக்கொண்டால் பிறகு தயிர் அதில் பிடிக்காமல் வழுக்கும்.

ஸ்பெகட்டியை முறிக்காமல் நட்டு நிறுத்துங்கள். அரை நிமிடத்தில் தானாக வளைந்து உள்ளே போகும். ஒட்டாதபடி முதல் ஒரு நிமிடம் கிண்டிவிடுங்கள். பொதியில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் எட்டாவது நிமிடத்தில் ஒரு இழையை எடுத்துக் கடித்து, கடித்த முனையைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி இருக்கும்போதே எடுக்க வேண்டும். மிச்சம் தாச்சியில் வேகும்.

அது அவிகிற நேரத்தில், அகன்ற தாச்சியில் எண்ணெய் விட்டு, மெல்லிதாகச் சீவிய உள்ளியை இளந்தீயில் போடுங்கள். உள்ளியின் ஓரம் கண்ணாடி போல ஆகும்போது வெங்காயமும் கீறிய மிளகாயும். நிறம் மாற விடாதீர்கள். உள்ளி சிவந்தால் கசப்பு வரும், அந்தக் கசப்போடு முருங்கைப்பூவின் கயர்ப்பும் சேர்ந்தால் சாப்பிட முடியாது. வெங்காயம் துவண்டதும் முருங்கைப்பூவைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, மூன்று நிமிடம் பிரட்டுங்கள். மூடவேண்டாம். பச்சை வாசம் போய், வறையில் வருகிற அந்தப் பழகிய வாசம் எழும். அப்போது போதும்.

பாஸ்தாத் தண்ணீரை ஒரு கோப்பை எடுத்துத் தனியே வையுங்கள். கலங்கலாக இருக்கிற அந்தத் தண்ணீர்தான் குழம்பு. அதில் உள்ள மாச்சத்து எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். பாதிக் கோப்பையைத் தாச்சியில் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். பாஸ்தாவை இடுக்கியால் தூக்கி, நீர் சொட்டச் சொட்ட நேரே தாச்சிக்குள் போடுங்கள். பச்சைத்தண்ணீரில் கழுவினால் மாச்சத்து முழுவதும் போய்விடும். தீயைக் கூட்டி இரண்டு நிமிடம் விடாமல் பிரட்டினால், தண்ணீர் வற்றி, அடியில் மெல்லிய பால் போல ஒரு பசை திரளும். தாச்சியைச் சரித்தால் அது ஓடக்கூடாது, மெல்ல நகர வேண்டும்.

இப்போது அடுப்பை அணைத்துவிடுங்கள்.

அணைத்த பிறகு முப்பது வரை எண்ணுங்கள். இந்த முப்பதை நான் ஒருமுறை எண்ணாமல் விட்டேன். வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்த அவசரத்தில், கொதித்துக்கொண்டிருந்த தாச்சியில் தயிரைக் கொட்டினேன்; ஒரு நொடியில் திரிந்து, அவித்த ரவை தூவியது போல இழைகளில் ஒட்டிக்கொண்டது. கடும் சூட்டில் தயிரின் புரதம் இறுகி, தண்ணீரைக் கக்கிவிடும். ஆகையால் தயிரில் முதலில் இரண்டு மேசைக்கரண்டி பாஸ்தாத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கி, அது வெதுவெதுப்பானதும் தாச்சியில் ஊற்றிப் பிரட்டுங்கள். இழையெல்லாம் வெள்ளையாக மினுங்கும். கெட்டியாகத் தோன்றினால் இன்னும் ஒரு கரண்டி தண்ணீர். கண்ணுக்குச் சற்றுத் தளர்வாக இருப்பதே சரி. தட்டுக்குப் போகும் வழியில் அது இறுகிவிடும்.

பூசணிப்பூ நாடாக்களுக்கு முறை இப்போதுதான். தாச்சியின் மிச்சச் சூடு போதும். இரண்டு தரம் மேலும் கீழும் புரட்டினால் இதழ் பட்டுத் துணி போலத் துவண்டு இழைகளோடு சுற்றிக்கொள்ளும், மஞ்சள் நிறம் மங்காது. அடுப்பில் வைத்து வதக்கினால் பத்துப் பூவும் ஒரு கைப்பிடி பழுப்பு நாராகிவிடும்.

தேசிக்காயின் பச்சைத் தோலை மேலோட்டமாகத் துருவிப் போடுங்கள். எங்கள் தேசிக்காய்க்குத் தோல் மெல்லிது, இரண்டு இழுப்பு இழுத்ததும் வெள்ளை தெரியும், அது கசப்பு. மிளகும் கஜுவும் தூவினால் தாச்சி வேலை முடிந்தது.

தட்டில் வைக்கும்போது

கிழிக்காமல் வைத்த நான்கு பூசணிப்பூ நினைவிருக்கும். வேறு ஒரு சிறு தாச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, நன்கு சூடானதும் பூவை விரித்து வைத்து, ஒரு பக்கத்துக்குப் பத்து விநாடி. ஓரம் மொறுமொறுக்கும், நடு மென்மையாக இருக்கும். இதைக் கடைசி நிமிடத்தில் செய்து மேலே வைத்தால், ஒரே பூவை இரண்டு விதமாகச் சாப்பிடலாம்.

சங்குப்பூ இதழைப் பச்சையாகவே தூவுங்கள். சாப்பிடப் போகிறவர் கையில் ஒரு தேசிக்காய்த் துண்டைக் கொடுங்கள். புளி பட்ட இடத்தில் நீலம் ஊதாவாக மாறும். இதழில் உள்ள நிறச்சத்து புளிப்புக்கு மாறுவது. பிள்ளைகள் இதற்காகவே பாஸ்தா கேட்பார்கள். சங்குப்பூத் தண்ணீரில் பாஸ்தாவையே அவிக்கலாம் என்று சிலர் சொல்வதைச் செய்து பார்த்தேன். டூரம் ரவையின் மஞ்சளோடு நீலம் சேர்ந்து பாசி படர்ந்த பச்சை வருகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

வேறு பூ கிடைத்தால்

அகத்திப்பூ கிடைத்தால் தயிரை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பாலுக்குப் போங்கள். பாலுணவு சேர்க்காதவர்களுக்கும் இது சரிவரும். பூவின் உள்ளே வளைந்து நிற்கும் நரம்பையும் அடிப்புல்லியையும் நீக்காவிட்டால் கசப்புத் தாங்காது. பத்துப் பூவை நறுக்கி, வெங்காயத்தோடு ஐந்து நிமிடம் வதக்கி, சிட்டிகை மஞ்சள் சேர்த்து, பாஸ்தாவைப் பிரட்டி, அடுப்பை அணைக்கும்போது முதற்பால் அரைக் கோப்பைக்குச் சற்றுக் குறைய. வெள்ளிக்கிழமை அல்லாத நாளென்றால் உரித்த சிறு இறால் ஒரு கைப்பிடி வெங்காயத்துக்கு அடுத்துப் போகலாம். கொட்டியாரக் குடா இறாலும் அகத்திப்பூவும் ஒன்றுக்கொன்று பொருந்துவது போல வேறு எதுவும் பொருந்தி நான் கண்டதில்லை. இங்கே மட்டும் பென்னே நன்றாக இருக்கும், குழாய்க்குள் பால் தங்கும்.

செவ்வரத்தம்பூ சூட்டுக்கு ஆகாது. வெண்டிக்காயின் குடும்பம் என்பதால் சூடு பட்டதும் வழுவழுக்கும். சித்திரை, வைகாசி வெக்கையில் குளிர்ந்த பாஸ்தாவுக்கு அதை எடுங்கள். அவித்த பாஸ்தாவைக் கழுவலாம் என்று நான் சொல்கிற ஒரே இடம் இது. கழுவி ஆற்றி, வெள்ளரிப்பிஞ்சு, உப்பு, மிளகு, ஒலிவ் எண்ணெய், தேசிக்காய்ப் புளி சேர்த்து, ஒற்றை அடுக்குச் சிவப்புச் செவ்வரத்தம்பூ நாலைந்தின் இதழை மட்டும் நறுக்கிப் பிரட்டினால், புளியில் சிவப்பு இன்னும் பளிச்சென்று எழும்.

வாழைப்பொத்தியை இதில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம். அது வறைக்கும் வடைக்கும் உரியது. இந்தத் தாச்சியில் அது மற்றப் பூவை அமுக்கிவிடும்.

மிஞ்சினால்

பூச் சேர்த்த பாஸ்தாவை மறுநாளுக்கு வைக்க முடியாது; இதழ் கறுத்து, தயிர் தண்ணீர் விட்டுவிடும். ஆட்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத நாளில், முருங்கைப்பூவோடு பிரட்டிய பாஸ்தாவைத் தயிரும் பூசணிப்பூவும் சேர்ப்பதற்கு முன்னே பாதி எடுத்துப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை கொடியில் புதுப் பூ இருக்கும். பாஸ்தாவை ஒரு கரண்டி வெந்நீரோடு தாச்சியில் சூடாக்கி, அணைத்து, முப்பது எண்ணி, தயிரையும் பூவையும் அப்போது சேர்க்கலாம். தயிரிலிருந்து வடிந்த தண்ணீரையும் கொட்ட வேண்டாம். கொஞ்சம் உப்பும் தட்டிய இஞ்சியும் கிள்ளிய பச்சை மிளகாயும் போட்டு ஒரு குவளை குளிர்ந்த தண்ணீரோடு கலந்து வைத்தால், இந்தப் பாஸ்தாவோடு குடிக்க அதுவே போதும்.